திருவெள்ளறை வரை வந்து சேரும் பணம்: மாநில நிதிப் பகிர்வும் கிராம ஊராட்சிகளும்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில், மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் வருவது திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே ஸ்வஸ்திக வடிவில், நான்கு பக்கமும் படிகள் மடங்கி இறங்கும் கிணறு ஒன்று உண்டு. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 800-இல், ஆலம்பாக்கத்து விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டுவித்தது. மாற்பிடுகு பெருங்கிணறு என்று அதற்குப் பெயர் வைத்ததையும் கல்வெட்டு சொல்கிறது. வசதி படைத்த ஒருவர் கொடையாகச் செய்த நீர்ப்பணி அது. இன்று அந்தக் கிணறு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஊர்மக்கள் குடிப்பதோ குழாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஏற்றுவது, தெருவிளக்கை எரியவைப்பது, குப்பையை அள்ளுவது, சாக்கடையைத் தூர்வாருவது எல்லாம் கிராம ஊராட்சியின் பொறுப்பு. பொறுப்பை ஊராட்சிக்குச் சட்டம் கொடுத்துவிட்டது. பணத்தை யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள், கொடுக்கும்போது என்னென்ன நிபந்தனை போடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஊராட்சிக்குச் சொந்த வருவாய் இல்லாமல் இல்லை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், குளத்து மீன்பாசிக் குத்தகை, மரங்களின் மேல்பலன் ஏலம் என்று பட்டியல் நீளும், தொகைதான் சிறுக்கும். கிராமத்து வீட்டு வரி பல ஊர்களில் ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்குக் கைபேசிக்குப் போடும் ரீசார்ஜை எட்டாது. தொழில் வரி கட்டுவோர் ஆசிரியர், அரசு ஊழியர், சில கடைக்காரர்கள். வழிபாட்டிடங்களுக்கு வீட்டு வரி கிடையாது. ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போடக் கூடாது என்று அரசமைப்பின் 285-ஆம் பிரிவு தடுக்கிறது. திருவெள்ளறை போன்ற கோயில் ஊருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. திருவிழாவுக்கு வெளியூர் ஜனம் திரண்டு வந்தால் தண்ணீரும் துப்புரவும் ஊராட்சியின் தலையில் விழுகின்றன. வந்தவர்கள் ஊரில் விட்டுப்போகும் பணத்தில் ஊராட்சிக்கு வரும் பங்கு மிகக் கொஞ்சம்.

ஆகவே மாநில அரசின் பணம் இல்லாமல் கிராம ஊராட்சி நடக்காது. உலகில் எந்த நாட்டிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான். நன்றாக வசூலாகும் வரிகள் மேலே இருக்கும் அரசிடம் இருக்கின்றன. அன்றாட வேலைகள் கீழே இருக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்பும் தொகையை மேலிருப்பவர் இரங்கித் தரும் உதவியாகப் பார்க்கிறோமா, ஊருக்குச் சேரவேண்டிய பங்காகப் பார்க்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் 1871-இல் வந்த சென்னை உள்ளாட்சி நிதிச் சட்டமும், ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஒட்டி 1884-இல் வந்த சென்னை உள்ளாட்சிக் கழகங்கள் சட்டமும் நிலத்தீர்வையோடு சேர்த்து வாங்கிய ஒரு சிறு கூடுதல் வரியைத்தான் கிராமப்புறச் சாலைக்கும் மருந்தகத்துக்கும் ஆதாரமாக்கின. சுதந்திரத்துக்குப் பின், காமராஜர் முதல்வராக இருந்தபோது வந்த 1958-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வேறொரு வழியைக் கண்டது. ஊராட்சி வீட்டு வரி வசூலித்தால் அதற்கு ஈடாக அரசு ஒரு தொகை தரும். இதை இணை மானியம் என்றார்கள். நிலவரி மீதான மேல்வரிக்கும் அப்படியே. பள்ளிக்கு ஒரு மானியம், ஒன்றியச் சாலைக்கு ஒரு மானியம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. வரி கேட்டு வாசலுக்குப் போகும் தலைவருக்கு அரசு கைகொடுத்தது. குறையும் அங்கேயேதான் இருந்தது. மாடி வீடுகள் நிறைந்த ஊர் நிறைய வசூலிக்கும், நிறைய மானியமும் வாங்கும். ஓலைக்குடிசைகள் நிறைந்த ஊர் இரண்டிலும் தோற்கும். காவிரிப் பாசனத்தில் செழித்த ஊருக்கும் வானம் பார்த்த பூமிக்கும் இருந்த ஏற்றத்தாழ்வை மானியமே பெருக்கியது.

1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் இதை அடியோடு மாற்றியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு ஒன்றை அமைக்க வேண்டும், மாநிலத்தின் வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்று அது பரிந்துரைக்க வேண்டும், அதன்மேல் அரசு எடுத்த நடவடிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று 243-I பிரிவு சொல்கிறது. நகரங்களுக்கும் அதே நிதிக்குழுதான். தமிழ்நாடு 1994-இல் புதிய ஊராட்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்து முதல் நிதிக்குழுவையும் அமைத்தது. அதன்பின் அடுத்தடுத்து நிதிக்குழுக்கள் வந்தன. பல மாநிலங்கள் நிதிக்குழுவை அமைக்கவே ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தபோது தமிழ்நாடு தவணை தவறாமல் அமைத்து வந்தது. இதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

முதல் இரண்டு நிதிக்குழுக் காலங்களிலும், அதாவது 1997 முதல் 2007 வரை, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளின் பங்கு 8 விழுக்காடு. மூன்றாவது நிதிக்குழுவின் காலத்தில் அது படிப்படியாக 10 ஆனது. அதன்பின் அங்கேயே நிற்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் இப்போது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. கணக்குப்படி உள்ளாட்சிகளுக்கு ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கோடிக்கு மேல் வர வேண்டும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது கிராமத்துக்கு வரும்போது எவ்வளவு என்று பார்ப்போம். ஐந்தாவது நிதிக்குழுக் காலத்து விகிதத்தையே எடுத்துக்கொள்ளலாம். அரசு வசூலிக்கும் 100 ரூபாயில் உள்ளாட்சிகளுக்கு 10 ரூபாய். அதில் ஊரகத்துக்கு 56 விழுக்காடு, நகர்ப்புறத்துக்கு 44. ஆக ஊரகத்துக்கு 5 ரூபாய் 60 காசு. அதை மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று 8:37:55 விகிதத்தில் பிரிக்கிறார்கள். கிராம ஊராட்சிகளின் பங்கு 3 ரூபாய் 8 காசு. அதைத்தான் மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ஊராட்சிக்கும் குறைந்தபட்சத் தொகை ஒன்று சமமாகப் போகும். மிச்சம் பெரும்பாலும் தலைக்கணக்கில் பிரியும்.

இந்த மூன்று ரூபாய்ச் சொச்சமும் தடையில்லாமல் வந்தால்கூட ஓரளவுக்குச் சமாளிக்கலாம். ஆனால் பங்கீட்டுத் தொகையின் ஒரு பகுதியை மேலேயே எடுத்து வைத்துத் திட்டங்களாக மாற்றித் தரும் வழக்கம் நம் மாநிலத்தில் வேரூன்றிவிட்டது. இன்னொரு வரவையும் பாருங்கள். நிலம், வீடு கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு வாங்கும் கூடுதல் தீர்வை நியாயப்படி அந்தந்த ஊர் உள்ளாட்சிக்குப் போக வேண்டிய பணம். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை மாநில அளவில் ஒரே தொகுப்பாக்கினார்கள். வளராத ஊருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் தொகுப்பின் ஒரு பகுதி பின்னர் சாலைப் பணிக்கான திட்டக் கூறாக மாறியது. எந்தச் சாலை என்ற முடிவு ஊர்ச் சபையிடமிருந்து மேலே போய்விட்டது. துறையூர் சாலையோரம் மனைகள் விற்கின்றன, பத்திரங்கள் பதிவாகின்றன. புதிய தெருவுக்கு விளக்குப் போட வேண்டியது ஊராட்சி. விற்பனையில் வந்த தீர்வைப் பணத்தின் மீது அதற்கு நேரடிப் பிடி கிடையாது.

திட்டங்கள் எப்படி யோசிக்கப்படுகின்றன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. நூலகம், குளம், சுடுகாடு, விளையாட்டு மைதானம் என்று என்ன செய்ய வேண்டும் என்பதும் மேலிருந்தே வந்தது. கிராம நூலகங்கள் ஊர்தோறும் எழுந்தது அந்தக் காலத்தில்தான். ஆனால் இரண்டே குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் முப்பது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அடிப்படைத் தொகை ஒன்றே. 2011-க்குப் பின் வந்த ஆட்சி தாய் திட்டத்தைக் கொண்டுவந்து, ஊராட்சியை விட்டுக் குக்கிராமத்தை அலகாக்கியது. அது சரியான திருத்தம்தான். 2021-இல் ஆட்சி மாறியதும் மறுமலர்ச்சித் திட்டம் இரண்டாம் கட்டமாகத் திரும்பி வந்தது. இரண்டு கட்சிகளும் கிராமத்துக்குச் செலவழித்திருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கட்சியும் பணத்தைக் கொடுத்துவிட்டு, உன் ஊருக்கு எது தேவையோ அதைச் செய்துகொள் என்று கிராம சபையிடம் சொல்லவில்லை. நூலகம் கட்டப் பணம் வந்தது; நூலகரின் சம்பளத்துக்கும் நாளிதழ்ச் சந்தாவுக்கும் வழி தேடுவது ஊராட்சியின் பாடாயிற்று. பூட்டிக் கிடக்கும் கிராம நூலகங்களின் கதை இதுதான்.

இனி ஊராட்சி அலுவலகத்துக்குள் போவோம். கிராம ஊராட்சியின் பணம் தனித்தனி வங்கிக் கணக்குகளில் இருக்கிறது. முதல் கணக்கு பொது நிதி. வரிகளும் மாநில நிதிக்குழு மானியமும் இதில் சேரும். இரண்டாம் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டியது. மானியத்தில் ஒரு பகுதி இதற்கென்றே ஒதுங்கிவிடும்; அதை வேறு எதற்கும் தொட முடியாது. மூன்றாவது திட்டங்களுக்கானது. பொது நிதியில்தான் ஊரின் உயிர் இருக்கிறது. தொட்டி இயக்குநர் சம்பளம், துப்புரவுப் பணியாளர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குச் சாமான், குழாய் உடைப்பு எல்லாம் இதிலிருந்துதான்.

சித்திரை வெயிலில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்ன ஆகும் என்று எந்த ஊராட்சிச் செயலரைக் கேட்டாலும் சொல்வார். அன்று மாலைக்குள் காலிக்குடங்களோடு பெண்கள் சாலைக்கு வந்துவிடுவார்கள். மோட்டாரைத் தூக்க ஆள், வண்டி, காயில் கட்டும் கடைக்கு முன்பணம் எல்லாம் உடனே வேண்டும். பொது நிதியில் பணம் இல்லையென்றால் தலைவர் கைக்காசைப் போடுவார், அல்லது கடைக்காரரிடம் கடன் சொல்வார். பிறகு மன்றத் தீர்மானம், ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு, அளவுப் புத்தகத்தில் பதிவு, தலைவரும் துணைத் தலைவரும் போட வேண்டிய இரட்டைக் கையெழுத்து. இருவரும் எதிரெதிர் அணி என்றால் பணம் மாதக்கணக்கில் நிற்கும். கைக்காசு போட்ட தலைவர் அதை எப்படித் திரும்ப எடுக்கிறார் என்று கேட்டால் சிறு ஊழலின் ஊற்றுக்கண்ணே அங்குதான் இருக்கிறது. நேர்மையான மனிதர்களையும் போலி பில்லுக்குத் தள்ளுவது நேரத்துக்கு வராத பணம். அரசியல் மேடைகளில் ஊராட்சித் தலைவர்களை மொத்தமாகத் திருடர் என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியமும் வருகிறது. பதினான்காவது நிதிக்குழு 2015 முதல் 2020 வரை நாடு முழுவதும் கிராம ஊராட்சிகளுக்கு இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் ஒதுக்கியது. அந்தப் பணம் நேரே கிராம ஊராட்சிக்கே போனது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. தொகை கூடியது, மூன்று அடுக்குக்கும் பிரிந்தது, கூடவே கயிறும் கட்டப்பட்டது. 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்றது. சம்பளம், நிர்வாகச் செலவுக்கு அதில் இடமில்லாமல் போனது. குடிநீரும் துப்புரவும் தலையாயவைதான். இருந்தாலும் குழாயெல்லாம் சரியாக இருந்து, மழைக்காலத்தில் துண்டித்துப்போகும் பாதையால் அவதிப்படும் ஊருக்கு இந்த விகிதம் உதவாது.

இதைவிடப் பெரிய நிபந்தனை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். தேர்தல் நடக்காததால் ஒன்றிய மானியம் நின்றுபோனது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் திருச்சி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அப்படி வந்த மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். தலைவரும் துணைத் தலைவரும் போட்ட கையெழுத்தை அதிகாரி போடுகிறார். ஒரு மாநில அரசு தேர்தலைத் தள்ளிப்போடுவதன் விலையைக் கொடுப்பது அந்த அரசு அல்ல, திருவெள்ளறையும் அதைப் போன்ற ஆயிரக்கணக்கான ஊர்களும்தான். இதற்கு எந்தக் கட்சி ஆட்சியும் ஏற்கத்தக்க சமாதானம் சொல்ல முடியாது. ஒன்றிய அரசும் இங்கே யோசிக்க வேண்டும். தவறு செய்த மாநிலத்தைத் தண்டிக்காமல், தேர்தலைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

பங்கீட்டுச் சூத்திரத்துக்கும் ஒரு குறை இருக்கிறது. மக்கள்தொகையே அதில் பெரிய எடை. அதுவும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அதற்குப்பின் மண்ணச்சநல்லூர் பக்கத்தில் எழுந்த குடியிருப்புகள் சூத்திரத்தின் கண்ணில் படவே இல்லை. திருவிழாக் கூட்டமும் படாது. சிறிது தூரத்தில் இருக்கும் ஸ்ரீரங்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1871-இலிருந்து தனி நகராட்சியாக இருந்த ஸ்ரீரங்கம் 1994-இல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. அங்கே வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் வருவோருக்குத் தண்ணீரும் கழிப்பிடமும் தர ஒரு மாநகராட்சியின் இயந்திரமும் சொத்து வரியும் பின்னால் நிற்கின்றன. திருவெள்ளறையும் திவ்யதேசம்தான், பின்னால் நிற்பது ஒரு கிராம ஊராட்சி. யாத்திரை ஊர்களுக்கென்று சூத்திரத்தில் தனி எடை ஒன்று வேண்டும்.

அப்படியானால் ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று சிலர் சொல்கிறார்கள். திருச்சி மாநகராட்சியை விரிவாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது சுற்றுவட்டாரக் கிராமங்களில் மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பது அவர்கள் கவலை. 2022-இல் நகர்ப்புறச் சொத்து வரி ஏறியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த உயர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனையும் ஒன்று. கிராம சபை என்ற ஒன்று மாநகராட்சியில் அதே வலுவோடு கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மக்களின் தயக்கம் நியாயமானதே.

பக்கத்து மாநிலத்தில் வழி இருக்கிறது. கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு விட்டது. அதைவிட முக்கியமானது, வரவுசெலவுத் திட்டத்தோடு நான்காம் பின்னிணைப்பு என்று ஒரு தனி ஆவணத்தை வைப்பது. எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று ஊர் பெயரோடு அதில் அச்சாகும். சட்டமன்றத்தில் வைத்த எண்ணை ஓர் அதிகாரி ஓசையில்லாமல் குறைக்க முடியாது. இலங்கையில் முத்திரைக் கட்டணமும் நீதிமன்ற அபராதமும் உள்ளூராட்சி மன்றங்களுக்குரியவை என்று விதி இருக்கிறது. அதிலும் ஒரு தெளிவு உண்டு.

ஊராட்சிகள் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. வீட்டு வரியை ஏற்றினால் ஓட்டுப் போய்விடும் என்று பல தலைவர்கள் பழைய விகிதத்திலேயே காலம் தள்ளுகிறார்கள். பெரிய பங்களாவுக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒரே வரி எழுதும் ஊர்களும் உண்டு. மேலிருந்து வரும் பணம் எளிதாக வந்தால் கீழே வசூல் சோம்பும் என்று பொருளியலாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து பணத்தைப் பிடித்து வைப்பது அல்ல. காமராஜர் காலத்து இணை மானியத்தைப் புதுப்பித்து, ஏழை ஊராட்சி வசூலிக்கும் ஒரு ரூபாய்க்கு இரண்டும் வசதியான ஊராட்சிக்கு ஒன்றும் தரலாம். முயற்சிக்கும் பலன் உண்டு, ஏழ்மைக்கும் ஈடு உண்டு. கூடவே, மாநில நிதிக்குழுப் பங்கிலிருந்து திட்டங்களுக்கு எடுத்து வைக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அரசு புதிய திட்டம் போட விரும்பினால் தன் பங்கான 90 ரூபாயிலிருந்து போடட்டும். பத்திரப் பதிவின்போது வாங்கும் கூடுதல் தீர்வையில் பாதியையாவது வசூலான ஊருக்கே திருப்பித் தரட்டும். மாதாமாதம் குறித்த தேதியில் பணம் வரட்டும். ஊராட்சிக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்போருக்கு ஒரு பதில் உண்டு: உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அதற்காகவே இருக்கிறது, அதன் தடைக்குறிப்புகளை ஊர்ப் பலகையில் ஒட்டினால் கிராம சபையே பாதி வேலையைச் செய்துவிடும்.

இவற்றில் எதற்கும் அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. தேர்தலை நடத்த மாநில அரசின் மனம் போதும். ஊர் வாரியாகப் பங்குத் தொகையை வரவுசெலவு ஆவணத்தில் அச்சிட நிதித்துறையின் ஓர் ஆணை போதும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு. திருவெள்ளறையில் இருந்தாலும் வேறு எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். இந்த ஆண்டு நம் ஊருக்கு வர வேண்டிய மாநில நிதிக்குழு மானியம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பொது நிதியில் இன்று இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.